‘ட’ ஏன் திரும்பி நிற்கிறது?

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். “என் மகளுக்கு நாலரை வயது. ‘ட’வைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி எழுதுகிறாள். இவளுக்குப் படிப்பு ஏறாது, மந்திரித்துக் கயிறு கட்டு என்கிறார் என் மாமியார். டாக்டரிடம் காட்டணுமா?”

கயிறு வேண்டாம். இந்த வயதில் இதற்காக மட்டும் டாக்டரிடமும் போக வேண்டாம். மூன்று வயதிலிருந்து ஆறேழு வயது வரை பிள்ளைகள் இப்படி எழுதுவது உலகம் முழுக்கச் சகஜம். காரணம் தெரிந்தால் அந்தத் திரும்பிய ‘ட’வின் மேல் உங்களுக்குப் பிரியமே வந்துவிடும்.

அடுத்த முறை ஏற்காடு போகும்போது ஒரு காப்பிச் செடியின் கிளையைக் கவனியுங்கள். இலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே இருக்கும். ஒன்று இடப்பக்கம் நீண்டிருக்கும், மற்றது வலப்பக்கம். குழந்தையிடம் காட்டினால் இரண்டையும் ‘இலை’ என்றுதான் சொல்லும். இடப்பக்கம் பார்த்து நிற்கிற மாடும் மாடுதான், வலப்பக்கம் பார்த்தாலும் மாடுதான். ஒரு பொருள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே பொருள் என்று மூளை எடுத்துக்கொள்கிறது. குரங்குகளின் மூளையிலும், உருவங்களை அடையாளம் காணும் பகுதியில் இருக்கும் பல நியூரான்கள் (நரம்பு செல்கள்) ஒரு படத்துக்கும் அதன் கண்ணாடிப் பிம்பத்துக்கும் ஒரே மாதிரிதான் பதில் தருகின்றன. காட்டில் வாழ்ந்த உயிருக்கு இது பெரிய வரம். இடப்பக்கமாக வரும் புலியை ஒருமுறை பார்த்துத் தப்பித்தவனுக்கு, வலப்பக்கமாக வரும் புலியைத் தனியாகக் கற்றுக்கொள்ள நேரம் ஏது?

எழுத்து வந்து ஏறக்குறைய 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. வாசிப்பதற்கென்று மூளையில் புதிதாக ஒரு பகுதி உருவாக அந்தக் காலம் போதாது. அதனால் முகங்களையும் பொருள்களையும் அறிந்துகொள்ளும் பகுதிக்குப் பக்கத்திலேயே, இடது மூளையின் அடிப்புறத்தில், எழுத்து ஓர் இடத்தைக் கடன் வாங்கிக்கொள்கிறது. பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்தானிஸ்லாஸ் டெஹேன் இதை நியூரான்களின் மறுபயன்பாடு என்கிறார். கடன் வாங்கிய வீட்டில் பழைய பழக்கமும் கூடவே இருக்குமே! உங்கள் மகள் ‘ட’வை ஓர் இலையைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறாள். வாசலில் தினமும் பார்க்கும் கோலமும் இடமும் வலமும் ஒத்துத்தான் இருக்கிறது. எழுத்துக்கு மட்டும் திசை உண்டு என்பதை அவள் இனிமேல்தான் கற்க வேண்டும், அதாவது ஒரு பழைய திறமையை இந்த ஓர் இடத்தில் மட்டும் மறக்க வேண்டும்.

மறக்க வைப்பது எப்படி? இங்கேதான் கை உள்ளே வருகிறது. ‘ட’ எழுத விரல் மேலிருந்து கீழே இறங்கி, வலப்பக்கம் போகிறது. திருப்பி எழுதினால் இடப்பக்கம் போகும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கைக்கு ஒன்றல்ல. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கரின் ஜேம்ஸ் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் வாசிக்கத் தெரியாத 5 வயதுப் பிள்ளைகளை எழுத்துகளைத் தாமாக எழுதவும், புள்ளிக்கோட்டின் மேல் இழைக்கவும், விசைப்பலகையில் தட்டவும் செய்தார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தபோது, தாமாக எழுதிப் பழகிய எழுத்துகளுக்குத்தான் பிற்காலத்தில் வாசிப்புக்குப் பயன்படும் பகுதிகள் விழித்துக்கொண்டன. கோணல்மாணலாக எழுதுவதுதான் வேலை செய்கிறது. அச்சுப்போல இழைப்பதற்கு அந்தப் பலன் இல்லை.

ஆகவே நோட்டை மூடிவிட்டுத் தோட்டத்துக்கு வாருங்கள். திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால்தானே எழுதினோம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் இருந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் அதைக் கண்டு தன் பள்ளியில் புகுத்தி, இங்கிலாந்து வரை கொண்டுபோனார். விஜயதசமியன்று அரிசியில் விரல்பிடித்து எழுத வைக்கிறோம், அதுவும் நல்ல வழக்கம்தான். அந்த ஒரு நாளோடு நிறுத்திவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

எங்கள் வீட்டுப் பின்புறம் சின்னதாக ஒரு பாத்தி இருக்கிறது. என் அக்கா பேத்தி ஈரச் செம்மண்ணில் விரலால் ‘ட’ கீறினாள். அந்தப் பள்ளத்தில் வெந்தயத்தைத் தூவி லேசாக மண் மூடினோம். மூன்றாம் நாள் பச்சையாக ஒரு ‘ட’ முளைத்து நின்றது. மறுபக்கம் ஓடிப்போய்ப் பார்த்தவள், “தாத்தா, இங்கேர்ந்து பார்த்தா தப்பா இருக்கு” என்றாள். பிறகு தானே பழைய இடத்துக்கு வந்து நின்றுகொண்டாள். செடியை எங்கே நின்று பார்த்தாலும் செடிதான், எழுத்தைப் பார்க்க மட்டும் நிற்பதற்கு ஓர் இடம் உண்டு என்று நான் அவளுக்குச் சொல்லவே இல்லை.

இந்தத் துறை ஆய்வுகளில் பெரும்பாலானவை லத்தீன் எழுத்துகளை வைத்தே நடந்தவை. ஆங்கிலத்தின் சிறிய ‘b’யைத் திருப்பினால் ‘d’ ஆகிவிடும். தமிழில் ‘ட’வைத் திருப்பினால் வேறு எழுத்து கிடைப்பதில்லை. அப்படியானால் நம் பிள்ளைகள் இந்தப் பழக்கத்தைச் சீக்கிரம் விடுகிறார்களா, தாமதமாகவா? ‘கெ’யில் ‘க்’ ஒலிக்குப் பின்னால் வரும் ‘எ’ ஒலிக்கான கொம்பு, எழுத்தில் முன்னால் நிற்பது அவர்களை எவ்வளவு குழப்புகிறது? இதைக் கண்டறியக் கோடிக்கணக்கில் ஸ்கேனர் வேண்டாம். அங்கன்வாடிப் பிள்ளைகள் எழுதியதை ஆண்டுக்கணக்கில் சேகரித்துப் பார்க்க நாலு பேருக்குச் சம்பளம் தந்தால் போதும். அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வாசகிக்கு இன்னும் இரண்டு வார்த்தை. மகள் திருப்பி விதைத்தால் பிடுங்காதீர்கள், திட்டாதீர்கள். பக்கத்தில் நீங்கள் ஒன்று விதையுங்கள். முளைத்ததும் அவளே பார்க்கட்டும். கொத்தமல்லி வேண்டாம், முளைக்க ஒரு வாரத்துக்கு மேலாகும், அதற்குள் அவள் ஆவல் ஆறிவிடும். ஏழெட்டு வயதிலும் எழுத்துகள் அடிக்கடி திரும்பி, வாசிப்பும் தடுமாறினால், அப்போது குழந்தைகள் மருத்துவரைப் பாருங்கள்.