அமுக்குவது பாதி, விடுவது பாதி

முதலுதவிப் பயிற்சிப் பொம்மையின் தோள்பட்டையில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு. நெஞ்சைச் சரியாக அமுக்கினால் எரியும். முட்டி போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு முப்பது முறை அமுக்கினேன். ஒரு தடவைகூட எரியவில்லை. பயிற்சி கொடுக்க வந்த நர்ஸ் குனிந்து என் கையைப் பார்த்தார். "ஆழம் சரியாத்தான் சார் இருக்கு. அமுக்கினதை விடவே மாட்டேங்கறீங்களே! நெஞ்சு மேல எழும்பி வரட்டும், அப்புறம் அடுத்தது."

கையின் பாரத்தை எடுத்து எடுத்து அமுக்கினேன். விளக்கு எரிந்தது. இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அமுக்கிச் செய்யும் முதலுதவிதான் சிபிஆர். சிபிஆர் என்றால் அமுக்குவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் பாதி வேலை, விடும்போதுதான் நடக்கிறது. அது ஏன் என்று புரிய, நின்றுபோன இதயத்துக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் 'அட்டாக்' என்ற ஒரே சொல்தான். ஆனால் அதற்குள் இரண்டு வேறு சங்கதிகள் இருக்கின்றன. மாரடைப்பு என்பது குழாய் அடைப்பு. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. ஆள் வியர்த்துக் கொட்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "வாயுப் பிடிப்பா இருக்கும், ஒரு சோடா வாங்கிட்டு வா" என்று பேசிக்கொண்டிருப்பார். அவருக்குத் தேவை 108. சோடாவும் வேண்டாம், நெஞ்சை அமுக்கவும் வேண்டாம். இன்னொன்று, இதயமே நின்றுபோவது. கார்டியாக் அரெஸ்ட் என்பார்கள். மாரடைப்பு முற்றியும் இது வரலாம், வேறு காரணங்களாலும் வரலாம். பெரியவர்களிடம் இது பல சமயம் ஒரு மின்கோளாறாகத்தான் தொடங்குகிறது. தேர் வடத்தை ஆயிரம் பேர் பிடித்திருக்கிறார்கள். 'ஏலேலோ' போடுபவர் திடீரென்று வாயை மூடிவிட்டார். ஆளுக்கொரு நேரத்தில் இழுக்கிறார்கள். எல்லாருக்கும் மூச்சு வாங்குகிறது, தேர் நகரவில்லை. இதயத் தசைநார்களும் அப்படித்தான் தனித்தனியே துடிதுடிக்கின்றன. ரத்தம் ஒரு சொட்டு வெளியேறுவதில்லை.

அடுத்த சில விநாடிகளில் ஆள் நினைவிழந்து சாய்கிறார். உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்குதான் மூளை. ஆனால் உடம்புக்குள் வரும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. சேமிப்பு என்று எதுவும் கிடையாது. 4 முதல் 6 நிமிடங்களில் மூளைச் செல்கள் கெடத் தொடங்குகின்றன. யாரும் கைவைக்காமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகும். ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் இந்தக் கணக்கை அதனால் தனியாக ஈடுகட்ட முடியாது. இடைப்பட்ட நிமிடங்கள் பக்கத்தில் நிற்பவரின் கையில்தான்.

கையால் அமுக்கி ரத்தத்தை ஓட்டலாம் என்பது தற்செயலாகத் தெரியவந்த விஷயம். 1950-களில் இதயம் நின்றுவிட்டால் நெஞ்சைக் கிழித்து, உள்ளே கையை விட்டு, இதயத்தை நேரடியாகப் பிசைவார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கூவன்ஹோவன் என்ற மின்பொறியாளர், ஷாக் கொடுத்து இதயத்தை மீட்கும் கருவியை நாய்களிடம் சோதித்துக்கொண்டிருந்தார். அவருடன் வேலை செய்த நிக்கர்பாக்கர் என்பவர் ஒன்றைக் கவனித்தார். கருவியின் கனமான தகடுகளை நாயின் நெஞ்சில் அழுத்தி வைக்கும்போதே, மின்சாரம் பாயும் முன்பே, ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியது. அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஜேம்ஸ் ஜூட் அவர்களோடு சேர்ந்துகொள்ள, 1960-ல் மூவரும் கட்டுரை வெளியிட்டார்கள். யாரும், எங்கும் இதைத் தொடங்கலாம், வேண்டியது இரண்டு கைகள் மட்டுமே என்று அதில் எழுதியிருந்தார்கள்.

அந்த இரண்டு கைகள் உள்ளே என்ன செய்கின்றன? நெஞ்செலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் இதயம் நசுங்கி ரத்தத்தைத் தள்ளுகிறது என்பது ஒரு விளக்கம். நெஞ்சுக்கூட்டுக்குள் மொத்த அழுத்தமும் ஏறுவதால் ரத்தம் வெளியே பிதுங்குகிறது என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது விளக்கத்துக்கு வலு சேர்த்தது 1976-ல் மைக்கேல் கிரைலி என்ற இதயநோய் மருத்துவர் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பு. இதயத்துக்குள் குழாய் விட்டுப் பரிசோதிக்கும்போது சிலருக்கு இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கியது. அவர்களை உடனே இருமச் சொன்னார்கள். விடாமல் இருமிக்கொண்டிருந்த வரைக்கும் நினைவு தப்பவில்லை. யாரும் தொடாமலேயே, நெஞ்சின் அழுத்தமே ரத்தத்தை மூளைக்கு ஏற்றிவிட்டது. 'தனியாக இருக்கும்போது அட்டாக் வந்தால் பலமாக இருமுங்கள்' என்று குடும்பக் குரூப்பில் மாதம் ஒருமுறை வருமே, அந்த வாட்ஸ்அப் செய்தியின் பூர்வீகம் இதுதான். சுற்றிலும் டாக்டர்களும் கையில் ஷாக் கருவியும் இருந்த அறையில் சில விநாடிகளுக்குச் செய்தது அது. வீட்டில் நெஞ்சு வலித்தால் இருமிக்கொண்டு உட்காராதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். (என் சித்தப்பாவிடம் இதை மூன்று முறை சொல்லிவிட்டேன். நான்காவது முறையாகவும் அதையே ஃபார்வர்டு செய்திருக்கிறார்.)

இனி பச்சை விளக்கு. தெருமுனை அடிபம்பு ஞாபகம் இருக்கிறதா? முதல் நாலைந்து அடிக்கு வெறும் காற்றுச் சத்தம்தான் வரும். நீர் மேலேறிய பிறகு ஒவ்வொரு அடிக்கும் கொட்டும். நடுவில் கையை எடுத்துப் பேச்சுக் கொடுத்தால் நீர் இறங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். சிபிஆரும் அதேதான். ஒவ்வொரு அமுக்கும், இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் பெரிய குழாயான பெருந்தமனியில் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறது. அது போதிய அளவு ஏறிய பிறகுதான் இதயத் தசைக்கே ரத்தம் கிடைக்கும். ஃபோன் வந்தது, யாரோ எதையோ கேட்டார்கள் என்று சில விநாடி நிறுத்தினாலும், ஏற்றிவைத்தது மளமளவென்று இறங்கிவிடும்.

அமுக்கும்போது ரத்தம் மூளைப் பக்கம் போகிறது. ஆனால் இதயத் தசைக்குப் போகும் குழாய்களில் அந்த நேரம் ரத்தம் அதிகம் நுழைவதில்லை. கையை விட்டதும் நெஞ்சுக்கூடு எழும்புகிறது. உள்ளே அழுத்தம் குறைந்து, உடம்பிலிருந்து ரத்தம் இதயத்தின் வலது பக்கத்துக்குத் திரும்புகிறது. அதே கணத்தில் பெருந்தமனியில் மிச்சமிருக்கும் அழுத்தம் இதயத் தசைக்குள் ரத்தத்தைத் தள்ளுகிறது. என்னைப்போல் உடம்புப் பாரத்தை நெஞ்சின்மேலேயே போட்டுக்கொண்டிருந்தால் இந்த இரண்டும் நடக்காது. இதயம் நிரம்பாது, அடுத்த அமுக்கில் தள்ள ரத்தமும் இருக்காது. எல்லாம் சரியாகச் செய்தாலும் இயல்பான ரத்த ஓட்டத்தில் கால்பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடைப்பட்டதுதான் கிடைக்கும். அதுவே மூளையைக் காக்க நேரம் வாங்கித் தருகிறது.

செய்முறை எல்லாம் இந்தப் பம்பிலிருந்து வந்ததுதான். ஆளைத் தரையில் கிடத்த வேண்டும். நார்க்கட்டிலிலோ ஃபோம் மெத்தையிலோ அமுக்கினால் நெஞ்சுக்குப் பதில் மெத்தைதான் இறங்கும். கை வைக்கும் இடம் இடப்பக்கம் அல்ல, நெஞ்சின் நட்டநடு, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதி. ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மறு கையை அதன்மேல் கோத்து, முழங்கை மடங்காமல், தோள் நேராக மேலே இருக்கும்படி குனிந்து அமுக்க வேண்டும். ஆழம் 5 முதல் 6 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. இதைவிட வேகமாகப் போனால் இதயம் நிரம்ப அவகாசம் இருக்காது.

எண்ணுவதில் நமக்கென்று ஒரு தொல்லை உண்டு. 'ஒண்ணு, ரெண்டு, மூணு' வரை வேகம் சரியாக இருக்கும். 'இருபத்தேழு, இருபத்தெட்டு' என்று வாய் நீள நீளக் கையும் மெதுவாகிவிடும். அந்த நர்ஸ் சொன்ன வழி எளிது: பத்து வரைக்கும் மூன்று தடவை எண்ணுங்கள். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். ஓய்ந்தது நமக்கே தெரியாது என்பதுதான் சிக்கல். அதனால் ஆள் இருந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டும். விலா எலும்பு 'டக்'கென்று முறிவதும் உண்டு. நிறுத்தக் கூடாது, எலும்பு கூடிவிடும். விழுந்தவர் பெண் என்றால் சுற்றி நிற்பவர்கள் தயங்குவதையும் சொல்லியாக வேண்டும். சேலையை இழுத்துச் சரிசெய்யும் நேரம்கூட அங்கே இல்லை.

இதெல்லாம் தெரிந்தும் பலர் தொடங்காமல் போவது ஏன் என்று யோசித்தால், நம் பேச்சிலேயே அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இதயம் நின்ற பிறகும் சிலர் வாயைத் திறந்து, எப்போதோ ஒருமுறை, குறட்டை போல மூச்சை இழுப்பார்கள். "இழுத்துக்கிட்டு இருக்கு, உசிரு இருக்கு" என்று கூட்டம் காத்திருக்கும். அது மூச்சே அல்ல. பட்டினி கிடக்கும் மூளைத்தண்டின் அனிச்சைச் செயல். கைகால் சில விநாடி வெட்டி இழுப்பதும் உண்டு. உடனே யாராவது கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். வலிப்புக்கே சாவியால் பயனில்லை, இதற்குக் கேட்கவே வேண்டாம். தோளைத் தட்டிக் கூப்பிட்டுப் பதில் இல்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால் போதும். நாடியைத் தேடி நேரம் போக்காமல், 108-ஐ அழைத்து ஃபோனை ஸ்பீக்கரில் தரையில் வைத்துவிட்டு அமுக்கத் தொடங்கலாம்.

வாயோடு வாய் வைத்து ஊத வேண்டுமா? கண்ணெதிரே திடீரென்று விழுந்த பெரியவரின் ரத்தத்தில் சில நிமிடங்களுக்கான ஆக்சிஜன் மிச்சமிருக்கும். அதை ஓட்டினாலே போதும். இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் 2017-ல் பொதுமக்களுக்கென்று வெளியிட்ட முறையும் ஊதலே இல்லாத, அமுக்கல் மட்டும் கொண்டதுதான். கிணற்றிலோ ஆற்றிலோ மூழ்கியவர் கதை வேறு. அங்கே இதயம் நின்றதே ஆக்சிஜன் தீர்ந்துபோனதால். வெறும் ரத்தத்தைச் சுற்றவிட்டுப் பயனில்லை. பயிற்சி பெற்றவர் ஊதலில் தொடங்கி, 30 அமுக்கலுக்கு 2 ஊதல் என்று போவார். நாம் வெளிவிடும் காற்றிலும் 16 சதவீதத்துக்குமேல் ஆக்சிஜன் இருக்கிறது என்பதால் அது வேலை செய்கிறது. குழந்தைகளுக்கும் பெரும்பாலும் மூச்சுதான் முதலில் நிற்கும் என்பதால் ஊதல் முக்கியம். மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நேரத்தைத் தின்பதோடு, வாந்தியை நுரையீரலுக்குள் தள்ளவும் கூடும்.

ரயில் நிலையம், விமான நிலையம், பெரிய மால்களில் சுவரில் ஏஈடி என்ற ஷாக் கருவிப் பெட்டி மாட்டியிருந்தால் ஒருவரை அனுப்பி எடுத்துவரச் சொல்லுங்கள். சினிமாவில் காட்டுவதுபோல நேர்கோடாகிவிட்ட இதயத்தை அது உசுப்புவதில்லை. தாறுமாறாகத் தேர் இழுக்கும் எல்லாரையும் ஒரு கணம் வடத்தைக் கீழே போடவைக்கிறது, அவ்வளவுதான். பிறகு இதயத்தின் சொந்தத் தாளம் எழ வேண்டும். தசையில் தெம்பு இருந்தால்தான் எழும். அந்தத் தெம்பைக் கொடுப்பது இவ்வளவு நேரம் அமுக்கி விட்ட கை. ஷாக் கொடுத்ததும் தள்ளி நின்று வேடிக்கை பார்க்காமல் உடனே மறுபடி அமுக்க வேண்டியதும் அதனால்தான். அவர் அசையும் வரை, ஒழுங்காக மூச்சு விடும் வரை, அல்லது ஆம்புலன்ஸில் வந்தவர் பக்கத்தில் முட்டிபோட்டு "நீங்க விடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லும் வரை.