'கத்தோலிக்க' என்ற சொல் யாருடையது?

இந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு சபையின் பெயர்தான் நினைவுக்கு வரும். ஆனால் அது பெயராகப் பிறந்த சொல் அல்ல. 'கத்தா', 'ஹோலோஸ்' என்ற இரண்டு கிரேக்கச் சொற்கள் சேர்ந்து உண்டானது 'கத்தோலிக்கோஸ்'. ஹோலோஸ் என்றால் முழுமை. முழுவதையும் தழுவியது, எல்லாருக்கும் பொதுவானது என்று பொருள் கொள்ளலாம்.

இதைத் திருச்சபைக்கு அடைமொழியாக்கியவர்களில் நமக்குத் தெரிந்து முதல்வர் அந்தியோக்கியா நகரத்தின் பிஷப்பாக இருந்த இஞ்ஞாசியார். 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிமிர்னா சபைக்கு எழுதிய கடிதத்தில், பிஷப் இருக்கும் இடத்தில் மக்களும் இருக்கட்டும், இயேசு கிறிஸ்து இருக்கும் இடத்தில் கத்தோலிக்க சபை இருப்பதுபோல, என்கிறார். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள் என்ற இரு தரப்பும் எடுத்துக்காட்டுவது இதே வாக்கியத்தைத்தான். பிஷப் இல்லாமல் சபை இல்லை என்று அப்போதே சொல்லியாயிற்று என்பார்கள் கத்தோலிக்கர்கள். சபையை நிர்ணயிப்பது கிறிஸ்து இருப்பதுதான், ரோமின் தலைமை பற்றி இங்கே பேச்சே இல்லை என்பார்கள் புராட்டஸ்டண்டுகள்.

4ஆம் நூற்றாண்டில் பொருள் இறுகிவிட்டது. புதிய ஊருக்குப் போனால் 'சபை எங்கே' என்று மட்டும் கேட்காதே, 'கத்தோலிக்க சபை எங்கே' என்று கேள் என்று கற்பிக்கிறார் எருசலேமின் பிஷப் சிரில். பிரிந்துபோன குழுக்களும் தங்களைச் சபை என்று சொல்லிக்கொண்ட காலம் அது. 381இல் கான்ஸ்டான்டினோபிளில் ஏற்கப்பட்ட விசுவாச அறிக்கையிலும், அதாவது கிறிஸ்தவ நம்பிக்கையைச் சுருக்கிச் சொல்லும் அறிக்கையிலும், இந்த அடைமொழி உண்டு. வேடிக்கை என்னவென்றால், ரோமில் வழங்கிய பழைய விசுவாச அறிக்கையில் 'பரிசுத்த சபை' என்று மட்டுமே இருந்தது. 'கத்தோலிக்க' பின்னால் சேர்ந்தது.

16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் புராட்டஸ்டண்டு சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர், விசுவாச அறிக்கையில் இந்தச் சொல் வரும் இடத்தில் 'கிறிஸ்தவ சபை' என்று எழுதினார். அவர் வேண்டுமென்றே சொல்லை மாற்றினார் என்று சிலர் குறை சொல்வதுண்டு. அது சரியல்ல, அவருக்கு முந்தைய நூற்றாண்டிலேயே ஜெர்மன் மொழியில் அப்படிச் சொல்லும் வழக்கம் இருந்தது.

சரி, தமிழில்? கத்தோலிக்கர்கள் 'கத்தோலிக்க திருச்சபை' என்று ஒலிபெயர்த்தே சொல்கிறார்கள். புராட்டஸ்டண்டுகள் 'பொதுவாயிருக்கிற பரிசுத்த சபை' என்கிறார்கள். எனக்குப் 'பொது' பிடித்திருக்கிறது. புதிய ஏற்பாட்டில் யாக்கோபு, பேதுரு முதலியோர் பெயரிலுள்ள ஏழு கடிதங்களுக்கும் கிரேக்கத்தில் இதே அடைமொழிதான். அங்கே கத்தோலிக்கரும் 'பொதுத் திருமுகங்கள்' என்றே மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஆனால் 'பொது' பரப்பைத்தான் காட்டுகிறது. குறைவற்ற முழுப் போதனை என்று சிரில் சேர்த்த இன்னொரு பொருள் அதற்குள் அடங்கவில்லை. அதனால் பழைய நூல்களை மொழிபெயர்க்கும்போது 'அனைத்தையும் தழுவிய' என்பேன். 'கத்தோலிக்க' என்று எழுதினால் இஞ்ஞாசியார் காலத்திலேயே இன்றைய சபைப் பிரிவு இருந்ததுபோல வாசகர் எண்ணிவிடுவார். சபையின் பெயராக வரும்போது மட்டும் 'கத்தோலிக்க' அப்படியே இருக்கட்டும்.