சீசனுக்கு முன் லாட்ஜ் ஹீட்டரை ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை

மழைக்காலத்தில் பாதி அறைகளைப் பூட்டி வைத்திருந்த குமுளி லாட்ஜ்கள் கார்த்திகை பிறந்ததும் நிரம்பிவிடும். மாலை போட்ட சாமிகள் பலர் பச்சைத் தண்ணீரிலேயே குளித்துவிடுவார்கள். தேக்கடி பார்க்க வரும் குடும்பங்களுக்கு விடிவதற்குள் சுடுதண்ணீர் வேண்டும். அந்த அவசரத்தில், மாதக்கணக்கில் சும்மா கிடந்த 500 லிட்டர் ஹீட்டருக்கு யாராவது சுவிட்சைப் போட்டுவிடுவதுதான் ஆபத்து.

எம்சிபி (கோளாறு வந்தால் தானே விழுந்து கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்திருந்தால் தூக்கிவிட்டுப் பார்க்காதீர்கள். எலக்ட்ரீஷியனை வரவழைத்து, மெயினை அணைத்துப் பூட்டி, தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்டின் வயரைக் கழற்றி, 500 வோல்ட் மெக்கரால் (கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் மீட்டர்) எர்த்துக்கும் எலிமென்டுக்கும் இடையே சோதிக்கச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த எலிமென்டை ஓட்டக் கூடாது. 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத லைனில் எந்த ஹீட்டரும் வேண்டாம்.

டேங்க் நிரம்பாமல் கரண்ட் கொடுத்தால் எலிமென்ட் எரிந்துபோகும். மேல்மாடி அறையின் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துத் தண்ணீரை ஏற்றுங்கள். துப்பித் துப்பி வருவது நின்று சீராக விழுந்த பிறகே சுவிட்ச். 22 டிகிரியில் இருக்கும் 500 லிட்டர் 60 டிகிரிக்கு ஏற சுமார் 22 யூனிட் கரண்ட் வேண்டும். 6 கிலோவாட் எலிமென்டுக்கு நாலு மணி நேரம் பிடிக்கும். சீக்கிரம் சூடாகட்டும் என்று, எந்தச் சூட்டில் நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் தெர்மோஸ்டாட்டைக் கடைசி வரை திருகி வைப்பதில் பலனில்லை.

எங்களை மிகவும் பயமுறுத்துவது, சொட்டுகிறது என்று மூடி (என்ட் கேப்) போட்டு அடைத்த சேஃப்டி வால்வு, அதாவது அழுத்தம் கூடினால் தண்ணீரை வெளியேற்றும் வால்வு. 20 டிகிரியிலிருந்து 60-க்குச் சூடாகும்போது 500 லிட்டர் தண்ணீர் ஏழரை லிட்டர் அளவுக்கு விரியும். வரும் பைப்பில் தண்ணீரைத் திரும்பப் போகவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு இருந்து, விரியும் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் எக்ஸ்பான்ஷன் டேங்க் இல்லையென்றால், அந்த ஏழரை லிட்டர் சேஃப்டி வால்வு வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதை அடைத்த நிலையில் தெர்மோஸ்டாட்டும், சூடு மீறினால் கரண்டைத் துண்டிக்கும் கட்-அவுட்டும் ஒட்டிக்கொண்டால், அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் சூடேறிக்கொண்டே போகும். டேங்க் கிழிந்த நொடியில் அது ஆவியாகிக் கட்டடத்தையே உடைக்கும். வால்வின் நெம்புகோலை ஒருமுறை தூக்கிவிடுங்கள். தண்ணீர் பாய வேண்டும், விட்டதும் நிற்க வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காவிட்டாலும் புது வால்வு போடுங்கள். வடிகால் பைப்பின் வாய் எப்போதும் திறந்தே இருக்கட்டும். கட்-அவுட் விழுந்திருந்தால் ரீசெட் பட்டனை அழுத்துவதற்கு முன் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள்.

சூடு வந்ததும் வேலை முடிந்தது என்று அறையைத் திறந்துவிடாதீர்கள். பைப்பில் தேங்கிய 20 முதல் 45 டிகிரி தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி பெருகும். குடிப்பதால் அல்ல, ஷவரின் நுண்துளிகளை மூச்சோடு இழுப்பதால்தான் பெரும்பாலும் நுரையீரலைத் தாக்கும். 1976-இல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டல் மாநாட்டுக்கு வந்தவர்களிடம்தான் இந்த நோய் முதலில் அடையாளம் காணப்பட்டது. காய்ச்சல் வர 2 முதல் 10 நாள் ஆகலாம். அதற்குள் விருந்தினர் மதுரைக்கோ சென்னைக்கோ போய்ச் சேர்ந்திருப்பார். லாட்ஜ் ஷவரை யாரும் நினைக்க மாட்டார்கள். வயதானவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் இது உயிர்ப் பிரச்சினை.

அதனால் டேங்க் முழுவதையும் 60 டிகிரிக்குக் கொண்டுவந்து குறைந்தது ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். ஷவர் தலையைக் கழற்றி உப்பு நீக்கிவிட்டு, தண்ணீர் தெறிக்காதபடி ஒவ்வொரு குழாயையும் சூடு வந்தபின் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். கடைசி அறைக் குழாயிலும் ஒரு நிமிடத்துக்குள் 50 டிகிரி வர வேண்டும். ஆள் தங்காத அறைக் குழாய்களை வாரம் ஒருமுறையாவது திறந்துவிடுங்கள்.

60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலை வேகவைத்துவிடும். டேங்கில் அந்தச் சூடு இருக்கட்டும், ஷவருக்கு முன்னால் பச்சைத் தண்ணீரைக் கலக்கும் மிக்சிங் வால்வு வைத்து 41 டிகிரிக்கு இறக்குங்கள். முதல் விருந்தினரை அனுப்பும் முன் தெர்மாமீட்டரில் நீங்களே பாருங்கள்.

ஹீட்டர் சரியாகும்வரை சமாளிக்கலாம் என்று ஜன்னலில்லாத குளியலறையில் கேஸ் கீசர் மாட்ட வேண்டாம். கேஸ் சரியாக எரியாதபோது வரும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அன்றைக்கு அந்த அறையில் சுடுதண்ணீர் இல்லை என்று சொல்லி வாடகையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.