நூறு கிராமும் நாலு நொடியும்

போலீஸ் தேர்வு அறிவிப்பு வந்தால் போதும், தஞ்சாவூரில் என் பிசியோதெரபி கிளினிக்குக்குக் காலைத் தாங்கித் தாங்கி நடந்து வரும் தம்பிகள் கூடிவிடுகிறார்கள். போன வாரம் வந்த தம்பி, உட்காருவதற்கு முன்பே பையிலிருந்து ஒரு பளபள ஷூவை எடுத்து மேசையில் வைத்தார். "தூக்கிப் பாருங்க சார், வெயிட்டே இல்ல." ஷூவுக்கு வெயிட் இல்லைதான். அவருடைய குதிகாலுக்கு மேலே இரண்டு விரற்கடை தள்ளித் தசைநாண் (கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நார்) தடித்துப் போயிருந்தது. கிள்ளினாற்போல் லேசாகப் பிடித்ததற்கே காலை உதறிக்கொண்டார். வாங்கிய மறுநாளே அதைப் போட்டுக்கொண்டு புது ஆற்றங்கரையில் முழு ஓட்டமும் ஓடியிருக்கிறார். வலி வந்த பிறகும் நிறுத்தவில்லை, சூடானால் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொன்னார்களாம். இதே கதையை இந்த சீசனில் எத்தனை பேரிடம் கேட்பது?

எடை குறைந்தால் வேகம் கூடும் என்ற நம்பிக்கையை முதலில் பேசித் தீர்த்துவிடுவோம். ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் குறைந்தால் ஓடுவதற்கான சக்திச் செலவு ஏறத்தாழ 1 சதவீதம் குறையும் என்பது ஆய்வுகள் காட்டும் கணக்கு. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். 7 நிமிடம் என்றால் 420 நொடி. அதில் 1 சதவீதம், நாலு நொடி சொச்சம். அதுவும் சக்தியில் மிச்சமாவது அப்படியே வேகமாக மாறினால்தான். அந்த நூறு கிராம் குறைவதே பெரிய விஷயம். சாதாரண ஓட்ட ஷூ 280 கிராம் இருக்கும், இவர்கள் வாங்கும் 'லைட் வெயிட்' 200 பக்கம். ஏழே முக்கால் நிமிடம் எடுக்கிறவரை எந்த ஷூவும் ஏழுக்குள் கொண்டுவந்து விடாது. அதைச் செய்வது பயிற்சியும் தூக்கமும்தான். சொன்னால் முகம் வாடிவிடுகிறது, என்ன செய்ய.

"கிப்சோகே ஓடலையா சார்?" கென்யாவின் மாரத்தான் வீரர், ஓடினார். 2019இல் வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில். ஆனால் அந்த ரக ஷூக்களின் ரகசியம் எடை இல்லை. மிதித்தால் அமுங்கி, உடனே எம்பும் நுரையும் உள்ளே இருக்கும் கார்பன் தகடும் சேர்ந்து வேலை செய்கின்றன. அதனால்தான் 2020இல் உலகத் தடகள அமைப்பு, சாலைப் போட்டி ஷூவின் அடித் தடிமன் 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, ஒரு தகடுதான் இருக்கலாம் என்று விதி போட்டது. 2023 பெர்லின் மாரத்தானில் எத்தியோப்பிய வீராங்கனை டிகிஸ்ட் அசெஃபா 2 மணி 11 நிமிடம் 53 நொடியில் ஓடி முடித்த அடிடாஸ் ஷூ 138 கிராம்தான். அது ஒரு மாரத்தானுக்கும், அதற்கு முன் கால் பழகும் ஓட்டத்துக்கும் மட்டும்தான் என்று அந்தக் கம்பெனியே சொல்லித்தான் விற்றது. அந்த ரகத்தின் 'ஃபர்ஸ்ட் காப்பி'யை வாங்கி தினமும் காலை மாலை ஓடுவது, குறுவைப் பட்டத்தில் சம்பா நெல்லை விதைக்கிற மாதிரி. ஒரு காப்பி ஷூ பிய்ந்து வந்தது, உள்ளே பார்த்தால் கறுப்புப் பிளாஸ்டிக் அட்டை.

சரி, கையில் இரண்டு ஜோடி, எது? நம் ஊர் ஓட்டப்பாதையைப் பாருங்கள். ஆற்றங்கரைச் சாலை ஒருபக்கம் சரிந்திருக்கும், கப்பி பெயர்ந்திருக்கும், அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். உயரமான மெத்தைபோன்ற அடி அங்கே கணுக்காலைப் புரட்டிவிடும். ரொம்பத் தட்டையானதும் எல்லோருக்கும் ஆகாது. முன்பக்கத்தைவிடக் குதிப்பக்கம் 10 மில்லிமீட்டர் உயர்ந்த ஷூவில் வருடக்கணக்காக ஓடிவிட்டுத் திடீரென்று 4 மில்லிமீட்டருக்கு இறங்கினால், அந்த வித்தியாசத்தைக் கெண்டைக்கால் சதையும் குதிகால் தசைநாணும்தான் சுமக்க வேண்டும். மேலே சொன்ன தம்பிக்கு நடந்தது இதுதான்.

அதனால் எடைச் சீட்டைப் பார்க்காதீர்கள். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் கடைக்குப் போங்கள், ஓடும்போது போடும் சாக்ஸோடு. நின்றால் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். வெறுங்காலில் வயலில் வளர்ந்த கால் முன்பக்கம் அகலமாக இருக்கும், குறுகலான ரேஸ் ஷூவில் சுண்டுவிரல் செத்துப்போகும். ஒற்றைக் காலில் நின்று பாருங்கள், ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் "போடப் போட லூஸாகிடும்" என்பார். கேட்காதீர்கள்.

வாங்கிய பிறகு வாரத்துக்கு ஒரு நாள், குறைந்த தூரம், மற்ற நாளெல்லாம் பழைய ஷூ. தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறதா? எதையும் மாற்றாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

எலும்பில் ஒரே புள்ளியில் வலித்து, ஒற்றைக் காலில் குதித்தால் அது சுரீர் என்று ஏறினால், ஓட்டத்தை அன்றே நிறுத்த வேண்டும். எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். அதன்மேல் எண்ணெய் போட்டு உருவிவிடச் சொல்லாதீர்கள். தசைநாண் வலிக்கு ஊசி போடச் சொல்லி டாக்டரை நச்சரிக்கவும் வேண்டாம், அங்கே ஸ்டீராய்டு இறங்கினால் அறுந்துபோகிற ஆபத்து உண்டு.

ஐப்பசி கார்த்திகையில் நனைந்த ஷூவோடு மறுநாளும் ஓடுகிறவர்களுக்குச் சேற்றுப்புண் நிச்சயம். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள், மொட்டை மாடி வெயிலில் போட்டால் அடி ஒட்டு விட்டுவிடும்.

கிளினிக்குக்கு வரும்போது புது ஷூவோடு பழைய ஷூவையும் எடுத்து வாருங்கள். அடித் தேய்மானத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். தயவுசெய்து கழுவிக்கொண்டு மட்டும் வராதீர்கள், அந்த மண்ணும் வேண்டும்.