முப்பது எழுத்துக்குள் ஒரு புதையல்

பூமியில் எந்த இடத்தையும் சென்டிமீட்டர் அளவு நுணுக்கமாகக் குறித்துவைக்க எட்டு பைட் போதும். அட்சரேகைக்கு நான்கு, தீர்க்கரேகைக்கு நான்கு. ஆனால் அந்த இடத்தில் ஒளித்துவைத்த டப்பாவைப் பற்றி அதன் உரிமையாளர் எழுதிய விவரம், அவர் தரும் துப்பு, முன்னால் தேடிப்போனவர்களின் பதிவுகள் எல்லாவற்றையும் சேர்த்தால் சில ஆயிரம் பைட் ஆகிவிடும். ஜியோகேச்சிங் ஆட்டத்துக்குள் காகிதம் நுழைந்தது இந்த இடைவெளியில்தான். எண்கள் ஜிபிஎஸ் கருவியில் ஏறின. சொற்களுக்கு அங்கே இடமில்லாததால், ஒவ்வொரு பெட்டியின் இணையப் பக்கத்தையும் அச்சிட்டுக் கோப்பில் செருகிக்கொண்டு கிளம்பினார்கள்.

ஆட்டம் எளிது. ஒருவர் டப்பாவை ஒளித்துவைத்து அதன் ஆயங்களை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, இணையத்தில் வெளியிடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையோடு தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் சிறு ஏட்டில் பெயரை எழுதிவிட்டு, டப்பாவை இருந்தபடியே வைத்துவிட்டு வருவார்கள். இது பிறந்த தேதியே அறிவியல் கதைதான். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவந்த பிழை, இருப்பிடத்தை ஏறத்தாழ 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே 2 அன்று அந்தப் பிழையை நிறுத்தினார்கள். மறுநாளே, மே 3 அன்று, ஆரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியைப் பாதி புதைத்துவைத்து ஆயங்களை அறிவித்தார்: வடக்கு 45° 17.460, மேற்கு 122° 24.800. மூன்றாம் தசம இடத்தில் ஒன்று கூடினால் வடக்கே 1.85 மீட்டர் நகர்ந்ததாகப் பொருள். தேடுவதற்கு அந்த நுணுக்கம் தாராளம்.

அதே 2000-இல் வந்த, கார்மின் நிறுவனத்தின் மஞ்சள் நிற ஈட்ரெக்ஸ் ஜிபிஎஸ் கருவியே இந்த ஆட்டத்தின் அடிப்படைக் கருவி என்று சொல்லலாம். கறுப்பு வெள்ளைத் திரை, இரண்டு பேட்டரி, 500 வழிப்புள்ளிகளுக்கு இடம். அந்த ரகக் கருவிக்குத் தெரிந்ததெல்லாம் வழிப்புள்ளி ஒன்றே: ஒரு பெயர், ஒரு சின்னம், ஓர் இடம், கொஞ்சம் குறிப்பு. கார்மின் வெளியிட்ட தகவல்தொடர்பு விதிகளில் உள்ள பழைய வடிவத்தைப் பார்த்தால் கணக்கு கறாராக இருக்கும். பெயருக்கு 6 பைட், இடத்துக்கு 8, பயன்படாமல் விட்ட 4, குறிப்புக்கு 40. மொத்தம் 58 (சின்னம் இதில் சேராது). கருவியின் திரையிலோ அந்த 40-உம் தெரிவதில்லை. பல கருவிகள் 30 எழுத்தோடு நிறுத்திவிடும்.

இடத்துக்கான அந்த எட்டு பைட்டில் ஒரு நயம் உண்டு. டிகிரி, நிமிடம் என்று எதையும் கருவி எழுதிவைப்பதில்லை. முழு வட்டத்தை 2-இன் 32-ஆம் அடுக்காக, அதாவது 429 கோடிக்கும் மேற்பட்ட சம துண்டுகளாக வெட்டி, எத்தனையாவது துண்டு என்பதை மட்டும் முழு எண்ணாக வைத்துக்கொள்கிறது. நிலநடுக்கோட்டில் ஒரு துண்டின் நீளம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கருவியின் உண்மையான துல்லியம் சில மீட்டர்தான் என்பதால், இதில் ஒரு பைட்டைக் குறைத்துக்கொண்டு குறிப்புக்குக் கொடுத்திருக்கலாமே என்று கூடத் தோன்றும்.

இனி மறுபக்கம். கட்டண உறுப்பினர்களுக்கு ஜியோகேச்சிங் தளம் ‘பாக்கெட் குவெரி’ என்ற வசதியைத் தருகிறது. குறிப்பிட்ட ஊரைச் சுற்றி, இன்ன வகை, இன்ன கடினம் என்று சல்லடை போட்டு, ஒரு தடவையில் ஆயிரம் பெட்டிகள் வரை ஒரே கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். கோப்பின் வடிவம் ஜிபிஎக்ஸ். ஜிபிஎஸ் தரவுக்கென்று 2002-இல் வெளிவந்த திறந்த வடிவம் அது; தகவலைக் குறிச்சொற்களால் பிரித்து எழுதும் எக்ஸ்எம்எல் அதன் அடிப்படை. ஒவ்வொரு புள்ளிக்கும் ஆயங்கள், பெயர், சின்னம் ஆகியவை பொதுவான பகுதியில் இருக்கும். விவரம், துப்பு, கடின அளவு, கடைசிப் பதிவுகள் போன்றவை ஜியோகேச்சிங்குக்கென்று சேர்த்த தனிப் பகுதியில் இருக்கும். அடிப்படைக் கருவிக்கு இந்தத் தனிப் பகுதி கண்ணிலேயே படாது. ஆகவே கோப்பை அப்படியே கருவிக்கு அனுப்பினால் போய்ச் சேர்வது பெயரும் இடமும்தான். காகிதத்தை விட வேண்டுமானால், அந்தத் தனிப் பகுதியிலிருந்து மிக அவசியமானதைப் பொறுக்கி, 58 பைட்டுக்குள் திணிக்க வேண்டும். எதை விடுவது என்று முடிவெடுப்பதுதான் இந்தக் கலை முழுவதும்.

முதலில் பெயர். ஆறு எழுத்து. ஒவ்வொரு பெட்டிக்கும் ‘ஜிசி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்தில் தொடங்கும் குறியீடு உண்டு. தொடக்கத்தில் அதன் பின்னால் பதினாறடிமான எண் (0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் பதினாறு குறிகள்) நான்கு இலக்கத்துக்குள் வந்தது. 65,536 எண்களோடு அந்த முறை தீர்ந்தது. பிறகு 31 குறிகள் கொண்ட எண்முறைக்கு மாறினார்கள்: பத்து இலக்கங்களும் 21 ஆங்கில எழுத்துகளும். ஐ, எல், ஓ, எஸ், யு என்ற ஐந்து எழுத்துகளை விலக்கிவிட்டார்கள். ஒன்று, பூஜ்யம், ஐந்து ஆகிய இலக்கங்களோடும் ‘வி’ எழுத்தோடும் குழம்பக்கூடியவை அவை. மங்கலான சிறு திரையைப் பார்ப்பவர்களுக்கு இது பெரிய உபகாரம். இந்த முறையில் நான்கு இடங்களுக்குள் மொத்தம் 5,12,000 குறியீடுகளுக்குச் சற்று மேல் கிடைக்கும். அதுவரை ஜிசி இரண்டு, மீதி நான்கு என ஆறு எழுத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

அதுவும் தீர்ந்து ஐந்தாம் இடம் சேர்ந்தபோது குறியீடு ஏழு எழுத்தானது. பழைய கருவி கடைசி எழுத்தை வெட்டிவிடும். ஒரே பெயரில் இரண்டு புள்ளிகள் வந்தால் பின்னால் வருவது முன்னதை அழித்துவிடும் என்பதால், வெட்டுவது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல, பெட்டிகளே காணாமல் போகும். விடை எளிது: எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவான ‘ஜிசி’ எந்தத் தகவலையும் தருவதில்லை, அதைக் கழற்றிவிடலாம். மிஞ்சிய ஐந்து எழுத்து போக ஓர் இடம் காலியாகும். அதில் பெட்டியின் வகைக்கு ஓர் எழுத்து. சாதாரணப் பெட்டியா, பல கட்டங்கள் கொண்டதா, புதிரா என்பது பெயரைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அடுத்து அந்த முப்பது எழுத்துக் குறிப்பு. தேடுவதன் கடின அளவும், போய்ச்சேரும் வழியின் நிலப்பாங்கு அளவும் 1 முதல் 5 வரை, அரை அரையாக ஏறும். ஆக, ஒவ்வொன்றுக்கும் ஒன்பது நிலைகள்தான். ‘2.5’ என்று மூன்று எழுத்தைச் செலவழிப்பது ஊதாரித்தனம். 1 முதல் 9 வரை ஒற்றை இலக்கத்தில் மாற்றி எழுதினால் இரண்டு அளவுக்கும் இரண்டே எழுத்து. டப்பாவின் பருமனுக்கு ஓர் எழுத்து. மூன்றாவதாக, கடைசி நான்கு தேடல்களின் முடிவு: கண்டவர்களுக்கு ஓர் எழுத்து, காணாதவர்களுக்கு வேறோர் எழுத்து. என் கணிப்பில் முப்பது எழுத்திலும் அதிக மதிப்புள்ளவை இந்த நான்கே. நான்கு பேரும் வெறுங்கையோடு திரும்பியிருந்தால் அங்கே டப்பாவே இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். முள்ளுக்குள் ஒரு மணி நேரம் கைவிட்டுத் துழாவுவதை அந்த நான்கு எழுத்து தடுத்துவிடும்.

இதுவரை ஏழு எழுத்து, ஓர் இடைவெளி. மிச்சம் 22. அது முழுவதும் துப்புக்கு.

தளத்தில் துப்பை நேரடியாகக் காட்டமாட்டார்கள். கண் தவறிப் பட்டுவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வோர் ஆங்கில எழுத்தையும் 13 இடம் தள்ளி எழுதியிருப்பார்கள். 26-இல் பாதி 13 என்பதால் முதல் எழுத்து பதினான்காவதாகும், பதினான்காவது முதலாவதாகும். பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே சாவி. அச்சிட்ட தாளோடு போனவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாக இதை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஜிபிஎக்ஸ் கோப்பிலோ துப்பு அவிழ்த்த நிலையிலேயே வருகிறது.

22 எழுத்துக்குள் துப்பைச் சுருக்கக் கணினி செய்வது சுவையானது. ஆங்கிலத்தில் உயிரெழுத்துகள் தனித்தனியாக நிற்பதால், சொல்லின் முதலெழுத்தை விட்டுவிட்டு மற்ற உயிர்களை நீக்கினாலும் பெரும்பாலும் வாசித்துவிடலாம். ‘பெரிய பாறைக்கு அடியில்’ என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்கள் இடைவெளியோடு 16 எழுத்து. உயிர்களை நீக்கினால் 12. தமிழில் இந்த வித்தை பலிக்காது. உயிர்க்குறிகளை எடுத்துவிட்டால் கல், கால், கோல் எல்லாம் ஒரே உருவத்துக்கு வந்துவிடும். அது ஒருபுறமிருக்க, பழைய கருவிகளுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்ணும்தான் அவற்றின் உலகம்.

இந்த வேலையைக் கையால் செய்ய வேண்டியதில்லை. ஜிஎஸ்ஏகே என்ற விண்டோஸ் மென்பொருள் இதற்கென்றே வளர்ந்தது. பெயரில் எது, குறிப்பில் எது, எந்த வரிசையில் என்று ஒருமுறை அச்சு வார்த்துக் கொடுத்துவிட்டால், கருவியில் இடமுள்ள அளவு பெட்டிகளை அதில் ஊற்றி அனுப்பிவிடும். ஜிபிஎஸ்பேபல் என்ற திறந்த மூல மென்பொருள் கோப்பு வடிவங்களை மாற்றுவதில் வல்லது. பெயரைச் சுருக்கும்போது உயிர்களை நீக்கினாலும் இறுதியில் வரும் எண்ணைத் தொடாது. ஏனென்றால் ஒரே தொடரில் வரும் பெட்டிகளைப் பிரித்துக் காட்டுவது அந்த எண்தான். சுருக்கிய பின் இரண்டு பெயர்கள் ஒன்றாகிவிட்டால் வேறுபடுத்தியும் கொடுக்கும்.

எழுத்துச் செலவே இல்லாத இன்னொரு வழி சின்னம். கார்மின் கருவிகளில் மூடிய பெட்டிக்கு ஒன்று, கண்டுபிடித்துத் திறந்த பெட்டிக்கு ஒன்று என்று தயாராகவே இருக்கிறது. கொடி, மீன், கூடாரம் என்று வேறு சின்னங்களும் உண்டு. பல கட்டப் பெட்டிகளுக்குக் கொடியை ஒதுக்கிவிட்டால், பெயரில் வகைக்கென்று வைத்த அந்த ஓர் எழுத்தும் மிச்சம். வரைபடத் திரையில் பார்த்தவுடன் புரிவதால் சின்னத்துக்கே என் வாக்கு.

தொடர் கேபிள் வழியாக விநாடிக்கு 9,600 பிட் வேகத்தில், ஐந்நூறு புள்ளிகள் ஏற அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். ஓர் அச்சுப் பக்கம் வெளிவரும் நேரம் என்று வைத்துக்கொண்டாலும் லாபம் எந்தப் பக்கம் என்பது தெளிவு.

கருவிக்கு வெளியே வைத்துக்கொள்ளும் வழிகளும் இருந்தன. பாம் கையடக்கக் கணினியில் கேச்மேட் என்ற செயலி முழு விவரத்தையும் காட்டியது. பழைய ஐபாடின் குறிப்புப் பகுதியில் ஒவ்வொன்றும் 4 கிலோபைட்டுக்குள் ஆயிரம் குறிப்புகள் வரை ஏற்றலாம் என்பதால் பாட்டுப் பெட்டியே துப்புப் பெட்டியும் ஆனது. 2008-இல் கார்மின் கொலராடோ போன்ற கருவிகள் ஜிபிஎக்ஸின் தனிப் பகுதியையும் வாசிக்கத் தொடங்கின. 2011-இல் வந்த ஈட்ரெக்ஸ் 10 விலை குறைந்த, கறுப்பு வெள்ளைக் கருவிதான், ஆனால் விவரம், துப்பு, பதிவு மூன்றையும் காட்டும். அது கையில் இருப்பவர்கள் மேலே சொன்ன சுருக்கல் வேலையை மறந்துவிடலாம்.

பழைய கருவியோடு போகிறவர்கள் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. நீக்கப்பட்ட பெட்டிகள் புதிய பாக்கெட் குவெரியில் வருவதில்லை. வராததைக் கருவி எப்படி அறியும்? போன மாதம் ஏற்றிய புள்ளி அப்படியே நிற்கும், நாமும் இல்லாத டப்பாவுக்கு அம்புக்குறியைப் பின்தொடர்ந்து நடப்போம். புதியதை ஏற்றும் முன் பழையதை முழுக்கத் துடைத்துவிடுவது நல்லது. கணினியில் ஜிஎஸ்ஏகேயில் சேர்த்துவைத்த பட்டியலுக்கும் இதே கதிதான். கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பார்த்துப் பழைய பதிவுகளை வடிகட்ட வேண்டும்.

வண்டி நிறுத்துமிடம், பாதை தொடங்குமிடம் போன்ற துணைப் புள்ளிகள் தனிக் கோப்பில் வரும். அவற்றின் பெயரில் ‘ஜிசி’ இருந்த இடத்தில் வேறு இரண்டு எழுத்து இருக்கும், மீதி அதே குறியீடு. ‘ஜிசி’யைக் கழற்றும் விதியை இந்தக் கோப்பின் மேலும் கண்ணை மூடிக்கொண்டு ஏவினால், நிறுத்துமிடமும் பெட்டியும் ஒரே பெயரில் மோதி, ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும். துணைப் புள்ளிக்கு முன்னெழுத்தில் ஒன்றையாவது விட்டுவைக்க வேண்டும்.

புதிர்ப் பெட்டிகளில் வெளியிடும் ஆயமே பெரும்பாலும் பொய்யானது. வீட்டிலேயே விடை கண்டு, திருத்திய ஆயத்தை ஜிஎஸ்ஏகேயில் எழுதிய பிறகுதான் கருவியில் ஏற்ற வேண்டும். பல கட்டப் பெட்டிகள்தான் முப்பது எழுத்துக்கு அடங்க மறுப்பவை. முதல் கட்டத்தில் கிடைக்கும் எண்களை வைத்துச் சூத்திரம் போட்டு அடுத்த ஆயத்தைக் கணக்கிடச் சொல்வார்கள். அந்தச் சூத்திரத்தைச் சுருக்கினால் உயிர் போய்விடும். அதற்கென்று ஒரு துண்டுத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதை நான் தோல்வியாக எண்ணமாட்டேன். பெட்டிக்குள் கையெழுத்திடும் ஏடே காகிதம்தானே.

மாலையில் வீடு திரும்பியதும் பதிவெழுத வேண்டும். கண்டுபிடித்த இடத்திலேயே சின்னத்தைத் திறந்த பெட்டியாக மாற்றிவைத்திருந்தால், எவை கிடைத்தன என்பது தெரியும். எந்த வரிசையில், எந்த நேரத்தில் என்பதைக் கருவி பதிந்துவைக்கும் நடைத்தடத்தின் நேரக்குறிப்பு சொல்லும், அந்தத் தடப்பதிவை அணைத்துவைக்காமல் இருந்தால்.