பூசணி காய்க்க ஜினியா விதையுங்கள்

வாசலில் பூசணிக்கொடி ஓடுகிறது, நிறையப் பூக்கவும் செய்கிறது. ஆனால் பிஞ்சுகள் வெம்பி விழுந்துவிடுகின்றன. இலங்கை மலையகத்து வீடுகளில் அடிக்கடி கேட்கிற குறை இது. உரம் போதவில்லை என்று சாணத்தை அள்ளிப் போடுவோம். பல நேரம் குறைவது உரமல்ல, தேனீ. பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. பூ விரிந்திருக்கும் அந்த ஒரு காலைக்குள் யாராவது அதைச் சுமந்து போயாக வேண்டும்.

சுற்றிலும் பச்சையாக இருந்தும் தேனீக்கு இங்கே இரை குறைவுதான். தேயிலையும் பூக்கும் செடியே. ஆனால் கொழுந்து பறித்து, கவ்வாத்து வெட்டி வைத்திருக்கும் செடியில் பூ அதிகம் பிடிக்காது. அதனால்தான் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நிற்கும் நாலு ஜினியாவை வெறும் அழகுக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

மெக்சிகோவிலிருந்து வந்த ஜினியா, சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. ஒரு பூ என்று நாம் பறிப்பது உண்மையில் பல பூக்களின் கூட்டம். ஓரத்தில் இதழாகத் தெரியும் ஒவ்வொன்றும் தனிப் பெண் பூ. ஒன்றைப் பிடுங்கி அடியைப் பாருங்கள், மகரந்தத்தை ஏற்கும், இரண்டாகப் பிளந்த சூல்முடி தெரியும். நடுவில் குட்டி மஞ்சள் நட்சத்திரங்களாக நிற்பவற்றில்தான் தேனும் மகரந்தமும். அவை ஒரே நாளில் விரிவதில்லை. முதலில் வெளி வளையம், அப்புறம் அதற்கு உள்ளே இருப்பது என்று நடுவை நோக்கி ஏறும். ஒவ்வொன்றிலும் மகரந்தப்பைகள் குழாய்போல ஒட்டியிருக்க, உள்ளிருந்து நீளும் சூல்தண்டு மகரந்தத்தை வெளியே தள்ளும். வந்து உட்காரும் தேனீயின் உடம்பில் அது அப்பிக்கொள்ளும். இப்படி ஒரே பூத்தலை பல நாளைக்கு இரை தருகிறது.

அடுக்கு ஜினியாவில் இந்த மஞ்சள் நடு மிகக் குறைவு. பார்க்க அழகுதான், ஆனால் தேனீக்காக என்றால் ஒற்றை அடுக்கு விதையையே கேட்டு வாங்குங்கள்.

விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டால் போதும். 20 முதல் 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். பண்டாரவளைப் பக்கம் நேரே பாத்தியில் போடலாம். நுவரெலியாக் குளிரில் முளைக்கத் தாமதமாகும், அங்கே வெயில் விழும் ஜன்னலோரம் நாற்றுவிட்டு, வேர் அசையாமல் எடுத்து நடுவது நல்லது. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூக்கும். நம்முடைய ஈரக் காற்றில் இலையில் வெள்ளை மாவாகப் படியும் சாம்பல் நோய்தான் பெரிய தொல்லை. செடிக்குச் செடி ஒரு அடி விடுங்கள், தண்ணீரை இலையில் படாமல் அடியில் ஊற்றுங்கள். பூத்திருக்கும்போது பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம்.

சில பூக்களைச் செடியிலேயே காயவிட்டால் அடுத்த முறைக்கு விதை கிடைக்கும். ஓரத்து விதையில் காய்ந்த இதழ் காகிதம்போல ஒட்டிக்கொண்டே இருக்கும். தேனீ பல செடிகளின் மகரந்தத்தைக் கலந்து உண்டான விதை என்பதால் நிறம் தாய்ச்செடி போலவே வராது. வருவதில் நடு மஞ்சள் நன்றாகத் தெரியும் செடிகளிலிருந்தே மறுபடி விதை எடுங்கள்.