போர்வோவின் சிவப்பு: மாவுக்கஞ்சியில் காய்ச்சிய பெயின்ட்

ஃபின்லாந்துப் படங்களில் ஆற்றோரமாக நிற்கும் சிவப்பு மரக் கிடங்குகளைப் பார்த்த வாசகர் ஒருவர், அத்தனை பனியிலும் பெயின்ட் எப்படி உரியாமல் இருக்கிறது என்று கேட்டிருந்தார்.

அந்த ஊர் போர்வோ. ஹெல்சிங்கிக்குக் கிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில், போர்வோ ஆறு கடலைத் தொடுமிடத்துக்கு அருகே இருக்கிறது. 1760-இல் தீப்பிடித்து ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது. ஆனாலும் பழைய வளைந்த தெருக்களின் தடத்திலேயே மறுபடி கட்டிக்கொண்டார்கள். 1809-இல் ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாண்டர் ஃபின்லாந்தின் பிரதிநிதிகள் சபையைக் கூட்டியது இங்கேதான். கிடங்குகளுக்குச் சிவப்பு அடித்தது, அதற்கு முன்பே, அப்போது ஃபின்லாந்தை ஆண்ட சுவீடன் மன்னர் மூன்றாம் குஸ்தாவின் வருகைக்காக என்பார்கள்.

இந்தப் பெயின்டை அடுப்பில் காய்ச்சுகிறார்கள். 50 லிட்டர் தண்ணீர், 2 கிலோ அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு), மூன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக ரை என்ற தானியத்தின் மாவு, 8 கிலோ செங்காவி. கொதிநீரில் அன்னபேதியைக் கரைத்து, மாவைத் தூவிக் கலக்கி, கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, காவியைச் சேர்த்து இன்னொரு கால் மணி நேரம். மாவை மொத்தமாகக் கொட்டினால் ஒவ்வொரு கட்டியின் வெளிப்புறமும் உடனே வெந்து பசையாகி, உள்ளே தண்ணீர் புகாமல் அடைத்துவிடும். முதலில் பச்சைத்தண்ணீரில் கரைத்து ஊற்றுவதே நல்லது. துத்தநாகம் பூசிய வாளியில் காய்ச்சக் கூடாது. அன்னபேதிக் கரைசலின் அமிலம் அதை அரிக்கும்.

இதில் அழகான வேலை கஞ்சியுடையது. சூட்டில் மாவுமணிகள் தண்ணீரை உறிஞ்சி ஊதி, உள்ளிருக்கும் ஸ்டார்ச் இழைகளை வெளியே விடுகின்றன. காய்ந்ததும் அவை காவித் துகள்களை மரநாரோடு ஒட்டவைக்கின்றன. ஆனால் துகள்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளையெல்லாம் நிரப்ப அந்தப் பசை போதாது. அந்தப் போதாமைதான் பலம்! எண்ணெய் பெயின்டும் பிளாஸ்டிக் பெயின்டும் மரத்தின்மேல் தோல் போர்த்துகின்றன. எங்காவது ஒரு வெடிப்பு வழியே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் தோலைக் கொப்பளமாகத் தூக்கிவிடும். காவிப்பூச்சில் ஈரம் வந்த வழியே போய்விடும். தோலே இல்லாதபோது உரிவதற்கு என்ன இருக்கிறது? ஆண்டுக்கணக்கில் மெல்லப் பொடியாக உதிரும், அவ்வளவுதான்.

கஞ்சி பூஞ்சைக்கு நல்ல தீனியாயிற்றே என்றால், அதைத் தடுக்கத்தான் அன்னபேதி. மரநார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கும் புறஊதாக் கதிரைக் காவியிலுள்ள இரும்பு ஆக்சைடு விழுங்கிக்கொள்ளும்.

அதிக நாள் உழைக்கட்டும் என்று ஆளிவிதை எண்ணெய் கலப்பது தவறு. ஈரத்தை அடைக்கும் அந்தத் தோல் திரும்ப வந்துவிடும். இழைத்து வழவழப்பாக்கிய பலகையில் பிடிப்பு இருக்காது, ரம்பத்தில் அறுத்த சொரசொரப்பு வேண்டும். முன்பு எண்ணெய் பெயின்ட் அடித்த சுவரில் ஒட்டவே ஒட்டாது. ஃபின்லாந்தின் மரபுச்சின்ன முகமை பழைய வீட்டுக்காரர்களுக்கென்றே பழுதுபார்ப்புக் குறிப்பு அட்டைகளை வெளியிட்டிருக்கிறது. பொதுப்பணத்தை இப்படிப்பட்ட அறிவியலுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

மறுபூச்சுக்குச் சுரண்ட வேண்டியதில்லை. உலர்ந்த முரட்டுத் தூரிகையால் பொடியைத் தட்டிவிட்டு, மேகமூட்டமான நாளில் மெல்லியதாக அடித்தால் போதும். பூசும்போது அடியில் தங்கும் காவியை அடிக்கடி கிளறிவிட வேண்டும். விட்டால் சுவரின் ஒரு பக்கம் வெளுத்தும் மறுபக்கம் அடர்ந்தும் போகும்.